மருந்துச்சீட்டு கேட்காத தடுப்பூசி: உத்தரவு யாருடையது?

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அந்தப் பருவத்துக்கான கோவிட் தடுப்பூசிகளுக்கு அனுமதி கொடுத்தது. 65 வயதைத் தொட்டவர்களுக்கும், அதற்குக் கீழே என்றால் நோய் முற்றும் அபாயம் உள்ளவர்களுக்கும் மட்டும்தான் அனுமதி. அடுத்த சில நாள்களில், நாடு முழுக்கக் கிளைகள் உள்ள பெரிய மருந்துக்கடைகள் சில மாநிலங்களில் "டாக்டரிடம் சீட்டு வாங்கி வாருங்கள்" என்று சொல்லத் தொடங்கின. வேறு சில மாநிலங்களில் இப்போதைக்கு ஊசியே கிடையாது என்றன. மாநில எல்லையைத் தாண்டிப் போனால் அதே நிறுவனத்தின் கடையில் அதே ஊசியைச் சீட்டு இல்லாமலே போட்டார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் புதிதாக வந்த சட்டம் எதுவும் இல்லை. பல வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்த மாநிலச் சட்டங்களில் இருந்த ஒரு வாக்கியம்தான். "ஏசிஐபி பரிந்துரைத்த தடுப்பூசிகளை மருந்தாளுநர் போடலாம்" என்பது அதன் சாரம். ஏசிஐபி என்பது நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்குத் தடுப்பூசி ஆலோசனை சொல்லும் குழு, 1964இலிருந்து இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் எஃப்டிஏ அனுமதி வந்துவிட்டது, ஏசிஐபியின் பரிந்துரை வரவில்லை. அந்த இடைவெளியில் ஊசியும் இருந்தது, போடத் தெரிந்த ஆளும் இருந்தார். போடும் அதிகாரம் மட்டும் சில மாநிலங்களில் அந்தரத்தில் நின்றது.

சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் தடுப்பூசி போடுவது என்றதும் பலர் நினைப்பது, யாருடைய உத்தரவும் இல்லாமல் போடுகிறார்கள் என்று. அப்படி ஒரு நாளும் நடப்பதில்லை. ஒவ்வோர் ஊசிக்குப் பின்னாலும் ஒருவருடைய உத்தரவு இருக்கிறது. அது யாருடையது, எந்தப் பட்டியலைப் பற்றி நிற்கிறது, எந்த வயது வரை செல்லும் என்ற மூன்றும் தெரிந்தால் இந்தச் சட்டங்களில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

அதிகாரம் வரும் வழிகள்

அமெரிக்காவில் மருந்தாளுநரின் தொழிலை வரையறுப்பது மாநிலச் சட்டமும், மாநில மருந்தியல் வாரியம் போடும் விதிகளும். வாஷிங்டன் மாநிலத்தில் 1994இல் மருந்தாளுநர்களுக்கு முறையான தடுப்பூசிப் பயிற்சி தொடங்கியது. 1996இல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் தேசிய அளவில் சான்றிதழ்ப் பயிற்சியைக் கொண்டுவந்தது. 2009இல் மெய்ன் மாநிலமும் சேர்ந்துகொண்ட பிறகு, 50 மாநிலங்களிலும் மருந்தாளுநர் குறைந்தபட்சம் ஃப்ளூ தடுப்பூசியாவது போடலாம் என்ற நிலை வந்தது. எந்த வழியில் போடலாம் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம்.

மிகக் குறுகலான வழி, ஒரு நோயாளியின் பெயருக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் சீட்டு. இதில் மருந்தாளுநர் முடிவெடுப்பதில்லை, போட்டுவிடுகிறார், அவ்வளவுதான்.

அடுத்தது நிலையாணை. ஒரு டாக்டர் கையெழுத்திட்ட ஆவணம் கடையில் இருக்கும். எந்தத் தடுப்பூசி, எந்த வயதினருக்கு, எவ்வளவு அளவு, தசையிலா தோலடியிலா, யாருக்குப் போடக்கூடாது, ஒவ்வாமை வந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், ஆணை எந்தத் தேதி வரை செல்லும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். வந்து நிற்பவர் அந்த வரையறைக்குள் பொருந்தினால் தனிச்சீட்டு தேவையில்லை. வாடிக்கையாளருக்கு இது "சீட்டு இல்லாத" ஊசி. சட்டத்தின் கண்ணில், அவரைப் பார்த்தே இராத ஒரு டாக்டரின் உத்தரவு.

நிலையாணை எங்கே சறுக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் அதிகம் சிக்கல் தருவது இதுதான். கையெழுத்திட்ட டாக்டர் ஓய்வு பெறுவார், அல்லது வேறு மாநிலத்துக்குப் போய் இங்கே உரிமத்தைப் புதுப்பிக்காமல் விடுவார். அன்றோடு அந்தக் காகிதத்துக்கு உயிர் போய்விடும். ஆணையின் காலாவதித் தேதி கடந்துபோய் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தடுப்பூசியின் வகையைச் சொல்லாமல் ஒரு பிராண்டின் பெயரை எழுதியிருந்தால், அந்த பிராண்ட் சந்தையை விட்டுப் போனதும் மாற்று இருந்தும் போட முடியாது. பரிந்துரை வயது மாறியிருக்கும், ஆணையில் பழைய வயதே இருக்கும். இவற்றில் எதுவும் ஊசியின் தரத்தையோ போடுபவரின் திறமையையோ தொடுவதில்லை. ஆனாலும் ஆணைக்கு வெளியே போட்ட ஒவ்வோர் ஊசியும் அனுமதியின்றிப் போட்டதாகிவிடும். ஆகவே நிலையாணைகளைக் கோப்பில் வைத்து மறக்காமல், காலாவதித் தேதியையும் டாக்டரின் உரிம நிலையையும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஏசிஐபி பரிந்துரை மாறும் ஒவ்வொரு தடவையும் ஆணையைத் திருத்தி மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும்.

மூன்றாவது வழி, மாநிலம் முழுவதுக்கும் பொருந்தும் நெறிமுறை. கடை கடையாக டாக்டரைத் தேட வேண்டியதில்லை. மாநிலச் சுகாதார அதிகாரியோ வாரியமோ ஒரே ஆவணத்தை வெளியிடும்.

நான்காவது, மருந்தாளுநரே உத்தரவிடும் அதிகாரம். கலிபோர்னியாவில் 2013இல் நிறைவேறிய எஸ்பி 493 என்ற சட்டம் 2014 ஜனவரி 1 முதல் இதைக் கொடுத்தது. பயிற்சி பெற்று, உயிர்காக்கும் முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருக்கும் மருந்தாளுநர், 3 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, ஏசிஐபி பரிந்துரைத்த வழக்கமான தடுப்பூசிகளைத் தானே முடிவுசெய்து போடலாம். போட்ட விவரத்தை அவருடைய குடும்ப டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும்.

நான்கில் இதுதான் நேர்மையான ஏற்பாடு என்பது என் துணிபு. நிலையாணையிலும் நோயாளியிடம் கேள்வி கேட்பவர், போடலாமா என்று தீர்மானிப்பவர், போடுபவர், பதிவு செய்பவர் எல்லாமே மருந்தாளுநர்தான். அந்தப் பொறுப்பை அவர் பெயரிலேயே எழுதுவதுதான் முறை.

பட்டியலோடு கட்டிய முடிச்சு

அதிகாரம் யாருக்கு என்பதோடு விஷயம் முடியவில்லை. எந்தத் தடுப்பூசிகளுக்கு என்பதையும் சட்டம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தடுப்பூசியின் பெயரையும் சட்டத்திலேயே எழுதினால், புதியது வரும்போதெல்லாம் சட்டமன்றம் கூடித் திருத்த வேண்டும். ஏசிஐபி பட்டியலை "இன்ன தேதியில் இருந்தபடி" என்று எழுதினாலும் அதே கதிதான். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த தடுப்பூசி வெளியே நிற்கும். 2023 மே மாதம், சுவாசத்தைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸுக்கு எதிராக முதியவர்களுக்கான முதல் தடுப்பூசிக்கு எஃப்டிஏ அனுமதி கொடுத்தபோது இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. தேதி போடாமல் "ஏசிஐபி பரிந்துரைப்பவை" என்று மட்டும் எழுதினால் சட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். பல மாநிலங்கள் இதைத்தான் செய்தன. அறிவியலைத் தினமும் படிக்கிற ஒரு குழுவிடம் பட்டியலை ஒப்படைப்பது புத்திசாலித்தனமாகவும் இருந்தது.

அந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் உரசியது. முதலாவது, பரிந்துரையின் வகை. 2023 ஜூனில் ஏசிஐபி ஆர்எஸ்வி தடுப்பூசியை 60 வயதைத் தொட்டவர்களுக்கு "கலந்து பேசி முடிவெடுக்கலாம்" என்ற வகையில் வைத்தது. எல்லோருக்கும் போடுங்கள் என்ற பரிந்துரை அல்ல அது. மருத்துவச் சேவையாளரும் நோயாளியும் பேசி முடிவுசெய்ய வேண்டும். அந்தச் சேவையாளரில் மருந்தாளுநரும் அடக்கம் என்று சிடிசி தெளிவாகவே சொல்கிறது. ஆனால் மாநிலச் சட்டத்தில் "வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுபவை" என்றோ "அட்டவணைப்படி" என்றோ எழுதியிருந்தால், இந்த வகை அதற்குள் வருமா என்ற சந்தேகம் எழும். நிறுவனத்தின் சட்டப்பிரிவு சந்தேகம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடும். 2024 ஜூனில் ஏசிஐபி அதை மாற்றி, 75 வயதைத் தொட்ட எல்லோருக்கும், 60 முதல் 74 வரை அபாயம் கூடியவர்களுக்கும் என்று நேரடியாகப் பரிந்துரைத்த பிறகே அந்தக் குழப்பம் தணிந்தது.

இரண்டாவது உரசல் 2025இல் வந்தது. ஜூன் மாதம் சுகாதார அமைச்சர் ஏசிஐபியின் 17 உறுப்பினர்களையும் நீக்கிவிட்டுப் புதியவர்களை நியமித்தார். செப்டம்பர் 19 அன்று புதிய குழு, கோவிட் தடுப்பூசியை அவரவர் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் வகைக்கு மாற்றியது. மருந்துச்சீட்டைக் கட்டாயமாக்கச் சொல்லும் தீர்மானமும் அதே கூட்டத்தில் வந்தது. 6க்கு 6 என்று சமமாகி, தலைவரின் வாக்கால் தோற்றது. அக்டோபர் 6 அன்று சிடிசி குழுவின் பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால், பல மாநிலங்களில் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே மருந்துக்கடை வழி அடைபட்டிருக்கும்.

மாநிலங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. செப்டம்பர் 3 அன்று பென்சில்வேனியா மருந்தியல் வாரியம், ஏசிஐபியோடு குழந்தை மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குடும்ப மருத்துவர் சங்கங்களின் பரிந்துரைகளையும் மருந்தாளுநர்கள் பின்பற்றலாம் என்று முடிவெடுத்தது. செப்டம்பர் 5 அன்று நியூயார்க் ஆளுநர் நெருக்கடிக்கால ஆணை பிறப்பித்து மருந்துக்கடைகளுக்கு வழி செய்தார். கலிபோர்னியா செப்டம்பர் 17 அன்று ஏபி 144 சட்டத்தைக் கொண்டுவந்து, 2025 ஜனவரி 1 அன்று இருந்த ஏசிஐபி பரிந்துரையை அடிப்படையாக நிறுத்தி, அதற்குமேல் மாற்றும் பொறுப்பை மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிடம் கொடுத்தது.

மூன்றில் கலிபோர்னியாவின் வழியே நீடித்து நிற்கும் என்று தோன்றுகிறது. ஆளுநரின் ஆணைக்கு ஆயுள் குறைவு. அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேதி போட்ட அடித்தளமும், அதைப் புதுப்பிக்க மாநிலத்துக்குள்ளேயே ஓர் அமைப்பும் இருந்தால், பட்டியல் உறைந்தும் போகாது, வெளியே நடக்கும் ஒரு வாக்கெடுப்பில் கவிழ்ந்தும் போகாது.

மத்திய அரசின் குறுக்குவழி

மாநிலச் சட்டத்துக்கு மேலாக நிற்கும் இன்னொரு அடுக்கும் உண்டு. 2005இல் வந்த 'பிரெப்' சட்டம், பொதுச் சுகாதார நெருக்கடியில் மருந்து, தடுப்பூசி கொடுப்பவர்களுக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 2020 ஆகஸ்டில் அதன் கீழ் வந்த மூன்றாவது திருத்தம், மாநிலம் தடுத்தாலும் மருந்தாளுநர்கள் 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஏசிஐபி பரிந்துரைத்த தடுப்பூசிகளை உத்தரவிட்டுப் போடலாம் என்றது. கொரோனா காலத்தில் பிள்ளைகளின் வழக்கமான தடுப்பூசிகள் தள்ளிப்போய்க்கொண்டிருந்ததுதான் காரணம்.

நிபந்தனைகள் கறாரானவை. அங்கீகாரம் பெற்ற 20 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் கையால் ஊசி போட்டுப் பழகுவது, போடலாமா கூடாதா என்று மதிப்பிடுவது, அவசர எதிர்விளைவைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவது மூன்றும் இருக்க வேண்டும். இதயம் நின்றுபோனால் செய்யும் முதலுதவியான சிபிஆருக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும். ஒவ்வோர் உரிமக் காலத்திலும் 2 மணி நேரம் தடுப்பூசி தொடர்பான தொடர்கல்வி முடிக்க வேண்டும். பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிள்ளையை வழக்கமான குழந்தை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்படி பெற்றோரிடம் சொல்லவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடித்தது. மருந்துக்கடை ஊசி போடலாம், குழந்தையின் எடை, வளர்ச்சி, பார்வை எல்லாவற்றையும் பார்க்க முடியாது. சட்டம் அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் மருந்துக்கடை உதவியாளர்களுக்கும் வழி திறந்தது. அவர்களுக்கு 6 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி. உத்தரவிடுவதும் தகுதியைப் பார்ப்பதும் மருந்தாளுநர், ஊசியைக் குத்துவது மட்டும் உதவியாளர் என்ற பிரிவினை அங்கிருந்து வந்ததுதான். பிறகு இந்த அனுமதி கோவிட், ஃப்ளூ தடுப்பூசிகளோடு சுருங்கியது. 2024 டிசம்பர் திருத்தம் அதை 2029 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறது. ஆனால் கோவிட் விஷயத்தில் இந்த மத்திய அனுமதியும் ஏசிஐபி பரிந்துரையைத்தான் பற்றி நிற்கிறது. ஆகவே 2025இல் மாநிலக் கதவு மூடிய இடத்தில் இது மாற்றுவழியாக உதவவில்லை.

மற்ற நாடுகளில் இதே கேள்விக்கு வேறு விடைகள் உண்டு. பிரிட்டனில் 'நோயாளிக் குழு ஆணை' என்ற ஆவணம். ஒரு மூத்த டாக்டரும் ஒரு மூத்த மருந்தாளுநரும் கையெழுத்திட்டு, உரிய அமைப்பு அங்கீகரிக்க வேண்டும். அதன் கீழ் ஊசி போடும் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுமதி தர வேண்டும். ஆணையின் வரையறைக்கு ஒரு மாதம் வெளியே இருந்தாலும் போட முடியாது. இங்கிலாந்தில் 2015இலிருந்து மருந்துக்கடைகளின் ஃப்ளூ தடுப்பூசிச் சேவை பெரும்பாலும் இந்த வழியில்தான் நடந்துவந்திருக்கிறது. பிரான்ஸ் படிப்படியாகப் போனது: 2017இல் இரண்டு மண்டலங்களில் சோதனை, 2019இல் நாடு முழுக்க ஃப்ளூ ஊசி, 2023 ஆகஸ்டில் 11 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மருந்தாளுநரே தடுப்பூசியை எழுதவும் போடவும் அதிகாரம். இடையில் டாக்டர்கள் கடுமையாக எதிர்த்த இடங்களும் உண்டு. சோதித்துப் பார்த்து விரித்ததால் எதிர்ப்பைத் தாண்டி வர முடிந்தது.

ஊசி போடும் அறையில்

சட்டம் 20 மணி நேரம் என்று எழுதுவது எதற்காக என்பது ஊசி போடும் நாற்காலிக்கு அருகே நின்றால்தான் புரியும். பாதி வேலை கேள்விகளில்தான். முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததா, இன்று காய்ச்சலோடு உடம்பு மோசமாக இருக்கிறதா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறாரா, கர்ப்பமா, ஃப்ளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய் வந்திருக்கிறதா. வலுவிழக்கச் செய்த கிருமியையே கொண்ட உயிருள்ள தடுப்பூசி என்றால் இன்னொரு கேள்வி: கடந்த 28 நாள்களில் வேறு உயிருள்ள தடுப்பூசி போட்டாரா? தட்டம்மை-புட்டாளம்மை-ருபெல்லா ஊசியும் சின்னம்மை ஊசியும் ஒன்று ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் 28 நாள் இடைவெளி விட வேண்டும். படிவத்தை நீட்டி "எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் பண்ணுங்கள்" என்று சொல்லும் கடையில் சட்டம் கொடுத்த அதிகாரம் வீணாகிறது.

ஊசி இறங்கும் இடம் அடுத்தது. மேற்கையின் டெல்டாய்டு தசை. தோள்பட்டை எலும்பின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, அக்குள் மட்டத்துக்கு மேலே. 90 டிகிரியில் நேராக இறக்க வேண்டும். பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கத் தேவையில்லை. பெரியவர்களுக்கு ஊசியின் நீளம் பொதுவாக ஓர் அங்குலம். 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் ஒன்றரை அங்குலம். இல்லையென்றால் மருந்து தசையை எட்டாமல் கொழுப்பிலேயே நின்றுவிடும்.

மேலே குத்திவிடுவதுதான் இங்கே நேரும் பெரிய தவறு. சட்டைக் கையைச் சுருட்ட முடியாமல், கழுத்துப் பக்கத்திலிருந்து சட்டையை இழுத்துத் தோளைத் திறப்பார்கள். அப்போது கண்ணுக்குத் தெரிவது தோளின் மேல் நுனி மட்டும். கை தானாகவே அங்கே போகும். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றபடி போட்டாலும் இதே ஆபத்து. மருந்து மூட்டுப் பையில் இறங்கினால் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, கையைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் நீளலாம். 2017இல் இந்தத் தோள் பாதிப்பு அமெரிக்க அரசின் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டு அட்டவணையில் சேர்ந்தது. தடுப்பது எளிது: சட்டையிலிருந்து கையை முழுதாக வெளியே எடுக்கச் சொல்வது, போடுபவரும் உட்கார்ந்து போடுவது.

தயாரிப்பிலும் பிசகு நடக்கும். அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியின் ஒரு வடிவம் இரண்டு குப்பிகளாக வரும்: ஒன்றில் பொடி, மற்றதில் திரவம். நோயெதிர்ப்பைத் தூண்டும் புரதம் பொடியில்தான் இருக்கிறது. திரவம் அதற்குத் துணை. அவசரத்தில் திரவத்தை மட்டும் உறிஞ்சிப் போட்டுவிட்டால் அது தவணையாகக் கணக்கில் வராது, சரியாகக் கலந்து மறுபடி போட வேண்டும். கலந்த பிறகு குளிரில் வைத்தாலும் 6 மணி நேரம்தான் தாங்கும். சின்னம்மைத் தடுப்பூசிக்கு அந்தச் சலுகைகூட இல்லை. கலந்த 30 நிமிடத்துக்குள் போடாவிட்டால் கொட்டிவிட வேண்டும். ஆர்எஸ்வி ஊசியில் பெயர்க்குழப்பம். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் 32 முதல் 36 வாரத்துக்குள், அனுமதி உள்ளது அப்ரிஸ்வோ மட்டும், அரெக்ஸ்வி முதியவர்களுக்கானது. தவறானதைக் கர்ப்பிணிக்குப் போட்ட நிகழ்வுகளைச் சிடிசி பதிவு செய்து எச்சரித்திருக்கிறது. இரண்டையும் குளிர்பெட்டியில் வெவ்வேறு தட்டில், வெவ்வேறு நிற அட்டையோடு வைப்பது சின்ன வேலைதான், பலன் பெரிது.

குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். 5 டிகிரியை இலக்காக வைத்தால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். 30 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி வேண்டும். கதவுப் பலகையில் தடுப்பூசி வைக்கக் கூடாது. சூடு ஏறுவதை எல்லோரும் பயப்படுகிறார்கள். உறைவதுதான் பல தடுப்பூசிகளுக்கு அதைவிடக் கேடு. அலுமினிய உப்பு கலந்தவை ஒரு தடவை உறைந்தால் வீரியம் போய்விடும், உருகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே தெரியலாம். வெப்பநிலை வரம்பைத் தாண்டியது தெரிந்தால் உடனே குப்பையில் போடவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. "பயன்படுத்தாதே" என்று ஒட்டித் தனியாகக் குளிரிலேயே வைத்து, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அரிது, பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில். வந்தால் நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்தான எபிநெஃப்ரின், உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், உச்சம் 0.5 மில்லிகிராம், தொடையின் முன்வெளிப்புறத் தசையில். குணம் தெரியாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் மறுபடி. அந்த மருந்து நிரப்பிய ஒரே ஒரு ஆட்டோ இன்ஜெக்டரை வைத்துக்கொண்டு தடுப்பூசி முகாம் நடத்துவது சரியில்லை. அரிப்புக்கான ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று நேரம் கடத்துவது அதைவிட மோசம். இங்கே சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. தடுப்பூசி போட அனுமதி தரும் சட்டமோ நிலையாணையோ எபிநெஃப்ரினையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்க வேண்டும். அதுவும் மருந்துச்சீட்டு மருந்துதான்.

போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைப்பது பெரும்பாலும் மயக்கத்துக்காக. பதின்வயதினர் அதிகம் மயங்கி விழுவார்கள், அடிபடுவது தலையில்.

காகிதமும் காசும்

1986இன் குழந்தைப்பருவத் தடுப்பூசிப் பாதிப்புச் சட்டம் என்ன எழுத வேண்டும் என்று சொல்கிறது: போட்ட தேதி, தயாரிப்பாளர், லாட் நம்பர், போட்டவரின் பெயர், பதவி, முகவரி. போடுவதற்கு முன் கொடுக்க வேண்டிய தகவல் தாளின் பதிப்புத் தேதியையும் கொடுத்த தேதியையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். மாநிலப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால், அடுத்த மாதம் டாக்டர் அதே ஊசியை இன்னொரு தடவை போடுவார்.

கட்டணம் கோரும் படிவத்தில், உத்தரவு யாருடையது என்ற கேள்வி அப்பட்டமாகவே வந்து நிற்கும். "எழுதிக்கொடுத்தவர்" என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. நிலையாணையில் கையெழுத்திட்ட டாக்டரின் 10 இலக்க அடையாள எண்ணோ, மாநிலம் அனுமதித்தால் மருந்தாளுநரின் எண்ணோ அங்கே விழ வேண்டும். எண் தவறினால் கோரிக்கை திரும்பி வரும்; தணிக்கையில் பிடிபட்டால் கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்பார்கள்.

65 கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் இன்னொரு கிளை பிரிகிறது. ஃப்ளூ, கோவிட், நிமோகாக்கல் ஊசிகள் டாக்டர் சேவைகளுக்கான பார்ட் பி கணக்கு. அக்கி, ஆர்எஸ்வி, டெட்டனஸ் கூட்டுத் தடுப்பூசி மருந்துகளுக்கான பார்ட் டி கணக்கு. காயம்பட்டதால் போடும் டெட்டனஸ் என்றால் மறுபடி பார்ட் பி. பார்ட் டி மருந்துக்கடைக் கணினியில் அங்கேயே தீர்ந்துவிடும். டாக்டரின் கிளினிக்கிலிருந்து அதற்குக் கணக்கு அனுப்புவது சிரமம், பல இடங்களில் முதியவர் முன்பணம் கட்டிப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும். 2023 ஜனவரி 1 முதல் ஏசிஐபி பரிந்துரைத்த பெரியவர் தடுப்பூசிகளுக்குப் பார்ட் டியில் கைக்காசு கிடையாது. ஆகவே அக்கி ஊசிக்கு மருந்துக்கடைதான் சுலபமான இடம். ஒரு மாநிலம் மருந்தாளுநரிடம் சீட்டு கட்டாயம் என்று வைத்தால், முதியவர் சீட்டுக்காக ஒரு தடவை டாக்டரிடமும், ஊசிக்காக ஒரு தடவை கடைக்கும் அலைய வேண்டும். இரண்டாவது நடையில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

குழந்தைகளின் விஷயத்தில் நிலைமை தலைகீழ். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்குத் தகுதி உள்ள, அல்லது காப்பீடே இல்லாத 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசு வாங்கித் தரும் இலவசத் தடுப்பூசி, 1994இலிருந்து நடக்கும் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தின் வழியாக வருகிறது. அதில் சேர்ந்த இடங்கள்தான் அந்த இருப்பைப் போட முடியும். சேரும் கடை அரசு இருப்பையும் தன் இருப்பையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு வருகையிலும் தகுதியைக் கேட்டுப் பதிந்து, ஆய்வுக்கு உட்பட வேண்டும். இந்தச் சுமைக்கு ஏற்ற கட்டணம் கிடைப்பதில்லை என்பதால் மருந்துக்கடைகள் அதிகம் சேர்வதில்லை. மருந்தாளுநர் 3 வயதுக் குழந்தைக்குப் போடலாம் என்று மாநிலச் சட்டம் தாராளமாகச் சொல்லும். மெடிகெய்ட் அட்டையோடு வரும் 3 வயதுக் குழந்தைக்குப் போட அந்தக் கடையில் ஊசி இருக்காது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன் கடைக்குப் போன் செய்து, எங்கள் பிள்ளையின் வயதுக்குப் போடுவீர்களா என்று கேட்பதோடு, குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும் கேட்டுவிடுங்கள். முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லும் கடை இரண்டாவதுக்கு இல்லை என்று சொன்னால், மாவட்டச் சுகாதாரத் துறையின் கிளினிக்கில் அந்த ஊசி பெரும்பாலும் இருக்கும்.